எழுத்துக்கூட்டும் குழந்தைக்கு எந்த நூல்? தமிழில் சிறுவர் நூல் தேர்வு

தமிழில் சிறுவர் நூல்கள் பெரும்பாலும் வயதையும் கருத்தையும் பார்த்தே வாங்கப்படுகின்றன. அட்டையில் "6 முதல் 8 வயது வரை" என்று போட்டிருக்கிறதா, கதையில் நல்ல கருத்து இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளோடு பெற்றோரின் தேடல் முடிந்துவிடுகிறது. பள்ளி நூலகத்துக்கு வாங்குவோர் இவற்றோடு விலையையும் பார்ப்பர். அந்தப் பக்கத்தை அந்தக் குழந்தையால் தானே வாசிக்க முடியுமா என்று கேட்போர் குறைவு. கேட்காததன் பலன் குழந்தையின் தலையில்தான் விடிகிறது. உன் வயதுக்கு ஏற்றது என்று கொடுத்த நூலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் வரியைத் தாண்ட முடியாமல் நின்றால், நூல் பொருந்தவில்லை என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

குழந்தைக்கு இரண்டு வகை நூல்கள் தேவை. ஒன்று, அது தானே எழுத்துக்கூட்டி வாசிக்கும் நூல். மற்றொன்று, பெரியவர் வாசிக்க அது கேட்கும் நூல். இரண்டின் மொழியும் நீளமும் நோக்கமும் வேறு. தமிழ்ப் பதிப்புலகமும் நூல் வாங்குவோரும் இவ்விரண்டையும் "சிறுவர் நூல்" என்ற ஒரே பெயரில் அடைத்துவிடுவதுதான் தேர்வில் நேரும் குழப்பங்களுக்கு வேர்.

வாசிப்பு என்னும் இரட்டை வேலை

1986-இல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பைப் பற்றி எளிய விளக்கம் ஒன்றை முன்வைத்தனர். எழுத்தை ஒலியாக மாற்றும் திறன், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனே வாசிப்பு என்பது அது. கூட்டலில் ஒன்று குறைந்தாலும் மற்றது மிஞ்சும். பெருக்கலில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். எழுத்துகள் அனைத்தும் தெரிந்து சொற்களின் பொருள் தெரியாத குழந்தையும், ஏராளமான சொற்கள் தெரிந்து எழுத்துத் தெரியாத குழந்தையும் நூலின் முன் ஒரே நிலையில்தான் நிற்கின்றன.

இந்த விளக்கம் ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழுக்கு வரும்போது இரண்டு திறன்களிலும் தனிச் சிக்கல்கள் சேர்கின்றன.

முதலில் எழுத்து. தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் இருந்தாலும் அத்தனைக்கும் தனி வடிவம் இல்லை. உயிர்மெய் வரிசைகளில் ஓர் ஒழுங்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்ட குழந்தை வேகமாக முன்னேறும். ஆனால் அந்த ஒழுங்கிலும் மேடுபள்ளங்கள் உள்ளன. "கெ" என்ற எழுத்தில் கொம்பு முதலில் கண்ணில் படுகிறது; ஒலியில் ககரம் முதலில் வருகிறது. "கொ" என்பதில் உயிரின் குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. துணைக்காலும் ரகரமும் பல அச்செழுத்துகளில் ஏறக்குறைய ஒரே வடிவம். "கல்", "அகம்", "தங்கம்" ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. பெரியவருக்கு இவை கண்ணிலேயே படுவதில்லை. எழுத்துக்கூட்டும் குழந்தைக்கு ஒவ்வொன்றும் ஒரு தடை. கன்னட எழுத்தைக் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இந்திய எழுத்துமுறைகளில் எழுத்தறிவு முழுமை பெறுவது ஓராண்டில் முடியும் வேலை அன்று, தொடக்கப் பள்ளிக் காலத்தில் பல ஆண்டுகள் நீள்வது என்று காட்டியிருக்கிறார். ஆங்கில எழுத்து 26-ஐயும் முதல் வகுப்பிலேயே தெரிந்துகொண்டுவிடும் பிள்ளையைத் தமிழ் வாசிப்போடு ஒப்பிட்டு, "இங்கிலீஷ் வருகிறது, தமிழ்தான் வரவில்லை" என்று வருந்தும் பெற்றோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது மொழி. வீட்டில் குழந்தை பேசும் தமிழும் நூலில் இருக்கும் தமிழும் வேறு. "விழுந்துருச்சு" என்று பேசும் குழந்தை நூலில் "விழுந்துவிட்டது" என்பதை எதிர்கொள்கிறது. எழுத்துக்கூட்டி முடித்த பிறகும், தான் வாசித்த சொல்லைத் தான் பேசும் சொல்லோடு அது பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது சிறிய இடைவெளிதான். ஆனால் எல்லா வினைமுற்றுகளிலும் இதே இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் குழந்தை தடுக்கி விழுகிறது.

சொற்களை எண்ணும் அளவுகோல்

கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்ச் சிறுவர் நூல்களில் "நிலை" என்ற ஒன்று புகுந்திருக்கிறது. வயதுக்குப் பதிலாக வாசிப்புத் திறனை வைத்து நூல்களைப் பிரிக்கும் முறை இது. 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனமும், அது 2015-இல் இணையத்தில் திறந்த ஸ்டோரிவீவர் தளமும் இதைப் பரவலாக்கின. அங்கே நூல்கள் நான்கு நிலைகளாக உள்ளன. முதல் நிலைக்கு ஏறத்தாழ 250 சொற்கள் வரை, இரண்டாம் நிலைக்கு 600 வரை, மூன்றாம் நிலைக்கு 1500 வரை என்பது பொது வரையறை. எவரும் இலவசமாக வாசிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம் என்ற உரிமத்தோடு நூற்றுக்கணக்கான தமிழ்ப் படக்கதைகள் கிடைப்பது எளிய செய்தி அன்று. கையில் நூலே இல்லாத பள்ளிக்கு இது பெரும் உதவி.

ஆயினும் சொற்களை எண்ணும் அளவுகோல் தமிழுக்குப் பொருந்துமா என்பதைக் கேட்டே ஆக வேண்டும். தமிழ் ஒட்டுநிலை மொழி. வேற்றுமை, காலம், துணைவினை எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். "பூனை தூங்கிக்கொண்டிருந்தது" என்ற வாக்கியம் ஆங்கிலத்தில் நான்கு சிறு சொற்களில் முடியும். தமிழில் இரண்டே சொற்கள். ஆனால் இரண்டாவது சொல்லில் மட்டும் பதினொரு எழுத்துகள். ஆங்கில அளவுகோலால் அளந்தால் தமிழ் வாக்கியம் எளிது. குழந்தையின் நாக்கைக் கேட்டால் உண்மை வேறாக இருக்கும்.

இன்னோர் எடுத்துக்காட்டு. "மாம்பழம் மரத்திலிருந்து விழுந்துவிட்டது" என்பதில் மூன்று சொற்கள். "மேலே மாம்பழம். தொப்! கீழே மாம்பழம்." என்பதில் ஐந்து. எண்ணிக்கைப்படி இரண்டாவதே நீளமானது. ஆனால் எழுத்துக்கூட்டும் குழந்தை எதைத் தானே வாசித்துவிட்டுச் சிரிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிற மொழிகளிலிருந்து வரும் படக்கதைகளில் இந்தக் கோளாறு அதிகம். மூலநூலின் நிலை அப்படியே மொழிபெயர்ப்பின் மேல் ஒட்டப்படும்போது, அட்டையில் 1 என்றும் உள்ளே 3 என்றும் ஆகிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் நல்ல தமிழ் எழுதியிருப்பார். குறை அவரிடம் இல்லை. தொடக்கநிலை வாசகருக்கான நூலை மொழிபெயர்க்கக் கூடாது, தமிழில் புதிதாகவே எழுத வேண்டும் என்பதுதான் இதிலிருந்து தேறும் செய்தி. படம் அதுவாகவே இருக்கட்டும். வரி வேறாக வேண்டும்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் இந்த இடத்தில் சரியான அடியை எடுத்து வைத்தது. அதன் நூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்காகப் பிரிக்கப்பட்டன. பெயர்களிலேயே ஒரு நயம் உண்டு: எண் போட்டால் "நீ இன்னும் ஒன்றிலா?" என்று பக்கத்துப் பிள்ளை கேட்கும், "நட" என்று இருந்தால் அது ஒரு செயல், இழிவில்லை. மெலிந்த நூல்களாக, ஒரே அமர்வில் முடிப்பவையாக அவை அமைந்தன. எழுத்தறியாதவர் வாசகராவதற்குச் சிறு நூல்களே வாசல் என்பதை 1990-களின் அறிவொளி இயக்கம் வயதுவந்தோரிடம் கண்டிருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பாடம் குழந்தைகளுக்குப் பயன்படுகிறது. இனி இந்நூல்கள் எவ்வளவு காலம் தொடர்ந்து வருகின்றன என்பதைப் பொறுத்தே முயற்சியின் மதிப்பு அமையும். ஒரு முறை வந்த நூற்கட்டு ஓராண்டில் கிழிந்துவிடும். கிழிவதுதான் அதற்கு அழகு.

தமிழுக்குள்ளேயே இருக்கும் கருவிகள்

தானே வாசிக்கும் நூலுக்கு ஏற்ற மொழியைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. பேச்சுக்கும் எழுத்துக்கும் பெரிய வேறுபாடில்லாத சொற்கள் தமிழில் நிறைய உண்டு: மழை, பூனை, கட்டில், மேலே, எங்கே, வா, ஓடு. வினைமுற்றுகளைக் குறைத்து, பெயரையும் ஏவலையும் கொண்டே ஒரு கதையைச் சொல்லிவிடலாம். "பூனை எங்கே? கட்டில் மேலே. பூனை எங்கே? கதவு பின்னாலே." என்று தொடர்ந்து போகும் நூலில் குழந்தை இரண்டாம் பக்கத்திலேயே வேகம் பிடிக்கும்.

இரட்டைக்கிளவியும் ஒலிக்குறிப்பும் இதைவிட வளமானவை. சலசல, மடமட, கிடுகிடு போன்ற சொற்களில் பாதியை வாசித்தால் மீதி தானே வந்துவிடும். எழுத்துகள் சிலவே, ஓசையோ நிறைய. வாசித்ததும் காதுக்கு ஒரு பரிசு கிடைக்கிறது. இலக்கண நூலில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யப்படும் இந்தச் சொற்கள் முதல் வாசிப்பு நூல்களில் அரிதாகவே தலைகாட்டுவது வியப்பு. விடுகதையும் அப்படியே. இரண்டு வரிதான். ஆனால் அதை வாசித்த குழந்தைக்கு உடனே அடுத்தவரிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்பதற்காக மறுபடி வாசிக்க வேண்டும். மறுவாசிப்பை வற்புறுத்தாமலே வரவழைக்கும் வடிவம் வேறு எதுவும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

பாடல்களின் இடமும் இங்கேதான். அழ. வள்ளியப்பா (1922–1989) இன்றும் ஏன் வாசிக்கப்படுகிறார் என்பதற்கு அவருடைய குழந்தை உள்ளத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். இன்னொரு காரணம் அவருடைய யாப்பில் உள்ளது. அடிகள் சிறியவை, சீர் பிரிந்து நிற்பதால் சொற்கள் நீண்டு பின்னிக்கொள்வதில்லை, எதுகையும் இயைபும் அடுத்த சொல் எப்படி முடியும் என்பதை முன்கூட்டியே காதுக்குச் சொல்லிவிடுகின்றன. பாடலை முன்பே கேட்டிருக்கும் குழந்தை, அச்சில் அதைக் காணும்போது பாதி தெரிந்த ஊருக்குள் நுழைவது போல நுழைகிறது. இது மனப்பாடம்தானே, வாசிப்பா என்று சிலர் கேட்பர். தொடக்கத்தில் மனப்பாடமே. அந்த மனப்பாடத்தோடு விரலை வைத்து வரியைத் தொடர்ந்து போகும்போது எழுத்தும் ஒலியும் பொருந்துகின்றன. நல்ல பாட்டு நூல் இரண்டு வகையிலும் நிற்கக்கூடிய அரிய நூல்.

ஆத்திசூடியின் கதை சற்று வேறு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி முதலியவை ஓதி மனத்தில் ஏற்றுவதற்கானவை. பொருள் பிறகு விளங்கும் என்பது அந்த முறையின் நம்பிக்கை. அகரவரிசையில் சிறு சிறு அடிகளாக அமைந்ததால் அது எழுத்துப் பயிற்சிக்கும் உதவியது. ஆனால் அதன் ஏவல் வடிவங்கள் பலவும் இன்றைய குழந்தையின் பேச்சில் இல்லாதவை. அதைப் பாடக் கற்றுக்கொடுப்பதில் குறையில்லை. முதல் வாசிப்பு நூலாக அதை நீட்டுவது, நீச்சல் தெரியாத பிள்ளையை ஆற்றில் இறக்குவதற்கு ஒப்பு.

கேட்கும் நூலின் பயன்

தானே வாசிக்கும் நூல் எளிதாக இருக்க வேண்டும் என்றதும், குழந்தைக்கு எளிய நூல்கள் மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. "பூனை எங்கே" என்பதோடு ஓராண்டு இருந்தால் அறிவுள்ள எந்தக் குழந்தையும் நூலை வெறுத்துவிடும். அதன் மனம் அதன் நாக்கைவிட நான்கு வயது மூத்தது. அந்த மனத்துக்கு ஈடுகொடுப்பது பெரியவர் வாசித்துக்காட்டும் நூல்.

அதற்கு இன்னொரு பயனும் உண்டு. எழுத்துத் தமிழ் குழந்தையின் காதுக்குப் பழக்கமாவது அதனால்தான். "சென்றான்", "கண்டாள்", "ஆகையால்", "எனினும்" போன்றவற்றை வீட்டில் யாரும் பேசுவதில்லை. கதையைக் கேட்டுக்கேட்டு இவற்றைத் தெரிந்துவைத்திருக்கும் குழந்தை, பிறகு அச்சில் "செ…ன்…றா…" என்று எழுத்துக்கூட்டும்போது முடிவு வருவதற்குள் சொல்லைப் பிடித்துவிடும். கேட்காத குழந்தை கடைசி எழுத்து வரை கூட்டினாலும் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பெருக்கல் கணக்கில் இரண்டாவது எண்ணைக் கேட்கும் நூலே வளர்க்கிறது.

வாசித்துக்காட்டும்போது எழுத்துநடையைப் பேச்சாக மாற்றிச் சொல்லலாமா என்பது பல வீடுகளில் எழும் ஐயம். கதை சொல்லும் நேரத்தில் தாராளமாகப் பேச்சில் சொல்லலாம். ஆனால் நூலைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கும்போது அச்சில் உள்ளதை அப்படியே வாசிப்பதே நல்லது. புரியாத இடத்தில் நிறுத்தி ஒரு சொல்லை விளக்கினால் போதும். நூல் தனக்கென ஒரு தமிழ் வைத்திருக்கிறது என்பதைக் குழந்தை அறிவது இப்படித்தான். சிட்னியிலோ லண்டனிலோ வளரும், தமிழைப் பேச்சாக மட்டும் அறிந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் இன்றியமையாதது. அவர்களுக்கு எழுத்துத் தமிழைக் கேட்க மேடையும் இல்லை, செய்தியும் இல்லை. நூல் ஒன்றே வழி.

இங்கே தேர்வின் எல்லை விரிகிறது. டெட்சுகோ குரோயநாகியின் "டோட்டோ-சான்" தமிழில் வந்து பல பதிப்புகள் கண்டிருக்கிறது. எட்டு வயதுக் குழந்தைக்கு அதைத் தானே வாசிப்பது கடினம்; அத்தியாயம் அத்தியாயமாகக் கேட்பது இன்பம். குழந்தைக்குப் பழக்கமான சூழலைக் கொண்ட கதையையே தர வேண்டும் என்ற அறிவுரை இங்கே செல்லாது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழில் வெளியிட்ட சோவியத் சிறுவர் நூல்களில் பனியும் கரடியும் பிர்ச் மரமும் இருந்தன. பனியைக் கண்ணால் காணாத தமிழ்க் குழந்தைகள் அவற்றைத் தேய வாசித்தார்கள். தொலைவான உலகம் குழந்தைக்குத் தடையாவதில்லை. தொலைவான வாக்கியம்தான் தடை.

நடுவில் ஒரு பள்ளம்

இன்றைய தமிழ்ச் சிறுவர் நூல்களை ஒருசேரப் பார்த்தால் இரண்டு முனைகளில் செழிப்புத் தெரிகிறது. சென்னையிலிருந்து 1990-களில் தோன்றிய தாரா, துளிகா போன்ற பதிப்பகங்களின் வருகைக்குப் பிறகு படநூல்களின் தரம் உயர்ந்தது. மறுமுனையில், சரளமாக வாசிக்கும் பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கான சிறார் நாவல்கள் ஒரு புது எழுச்சியைக் கண்டுள்ளன. யெஸ். பாலபாரதியின் "மரப்பாச்சி சொன்ன ரகசியம்" குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிப் பேசத் துணிந்தது. உதயசங்கரின் "ஆதனின் பொம்மை" கீழடியைச் சிறுவர் கதைக்குள் கொண்டுவந்தது. இரண்டும் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றவை.

இவ்விரு முனைகளுக்கும் நடுவே, ஏழிலிருந்து ஒன்பது வயது வரையில், ஒரு பள்ளம் இருக்கிறது. படநூல் சலித்துவிட்டது, நூறு பக்க நாவலுக்கு மூச்சு போதவில்லை. முப்பது நாற்பது பக்கத்தில், சிறு அத்தியாயங்களாக, பக்கத்துக்குப் பக்கம் கோட்டோவியத்தோடு, ஒரே பாத்திரங்கள் அடுத்த நூலிலும் வருகிற வரிசைகள் இந்த வயதுக்குத் தேவை. தமிழில் அவை மிகச் சில. வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காதவர்களாகக் குழந்தைகள் உதிர்வது இந்த இடத்தில்தான்.

ஒரு காலத்தில் இதழ்கள் இந்தப் பள்ளத்தை நிரப்பின. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவின் கதைகள் சில பக்கங்களில் முடியும். சங்கரின் ஓவியத்தில் விக்கிரமன் தோளில் வேதாளத்தைச் சுமந்துகொண்டு மாதந்தோறும் வருவான். கதையின் தொடக்கமும் முடிவும் முன்பே தெரியும். நடுப்பகுதி மட்டுமே புதிது. தொடக்கநிலை வாசகருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பைத் திட்டமிட்டுச் செய்வதும் கடினம். கோகுலம், பூந்தளிர் போன்றவையும் தம் அளவில் இதைச் செய்தன. 1972-இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் பின்னர் வந்த லயன் காமிக்ஸும் எந்த ஆசிரியரின் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெறாமலே ஒரு தலைமுறையை வாசகராக்கின. பாடநூலுக்குள் ஒளித்து வைத்து வாசிக்கப்பட்ட நூல்கள் வாசிப்புப் பழக்கத்துக்குச் செய்த தொண்டை நீதிக்கதைத் தொகுப்புகள் செய்ததாகச் சொல்ல முடியாது. சித்திரக்கதை போன்ற இலகுவான வாசிப்பே கடினமான வாசிப்புக்குப் பாலம் என்று ஸ்டீபன் கிராஷன் விரிவாக வாதிட்டிருக்கிறார். தமிழ் வீடுகளில் அது வாதமாக வரும் முன்பே நடந்து முடிந்திருந்தது.

ஆகவே இந்த வயதில் ஒரு குழந்தை ஒரே வகை நூலை விடாமல் வாசித்தால் தடுக்க வேண்டியதில்லை. பேய்க்கதை என்றால் பேய்க்கதையே. பெரியவரின் சுவைக்கு அது மட்டமாக இருக்கலாம். பத்துப் பேய்க்கதைகளில் பழகும் கண், பதினொன்றாவதாக வேறொன்றை எடுக்கும்போது வரியில் தடுக்காது.

நீதியும் அச்சும்

கதையின் முடிவில் "நீதி:" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி போடும் பழக்கத்தைப் பற்றிப் பலர் பேசியாகிவிட்டது. வாசிப்புக் கோணத்தில் ஒன்றை மட்டும் சொல்லலாம். அந்த வரி பெரும்பாலும் கதையிலேயே கடினமான வரியாக இருக்கிறது. "பேராசை பெருநட்டம்" வகைச் சொற்களில், குழந்தை மூச்சுவாங்கி முடித்த இடத்தில் இன்னொரு மேடு. அதன் பிறகு "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்ற கேள்வி. கதையை வாசித்ததற்குப் பரிசு ஒரு தேர்வு என்றால் அடுத்த கதையை அது ஏன் எடுக்கும்? பாட்டிகள் கதை சொல்லி முடித்ததும் தூங்கச் சொன்னார்கள், கேள்வி கேட்கவில்லை.

பார்ப்பதற்குச் சின்னதாகத் தோன்றும் அச்சு விவரங்கள் இதைவிட முக்கியம். தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லைக் குறியின்றி உடைப்பது வழக்கம். "கொண்டிருந்" என்று ஒரு வரி முடியும். "தான்" என்று அடுத்த வரி தொடங்கும். பெரியவர் கண் அதைத் தாவிவிடும். குழந்தைக்கு அங்கே இரண்டு புரியாத சொற்கள். சிறுவர் நூலில் ஒரு சொல்கூட வரி மாறி உடையக் கூடாது என்பதைப் பதிப்பாளர்கள் விதியாகவே கொள்ளலாம். படத்தின் மேல் எழுத்தை ஏற்றுவது, அலங்கார எழுத்துருக்களில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் தெரியாமல் போவது ஆகியவையும் இதே வகை. இணையத்தில் படியெடுத்து வைத்திருக்கும் பழைய நூல்களைக் குழந்தைக்குத் தருவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, ணா, றா முதலியவை வேறு வடிவில் இருக்கும். பள்ளியில் படிக்காத அந்த வடிவங்கள் கதையின் ஓட்டத்தை அறுத்துவிடும். அத்தகைய நூல்களைப் பெரியவர் வாசித்துக்காட்டுவதே பொருந்தும்.

படங்களில் யார் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதும் பார்க்கத் தக்கது. திருடனும் அரக்கனும் மட்டும் கறுப்பாக, சமையலறையில் அம்மா மட்டும் நிற்கும் நூல்கள் இன்னும் அச்சில் உள்ளன. கறுத்த குழந்தை அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது எழுத்தோடு சேர்த்து எதை வாசிக்கிறது என்பது தெரிந்ததே.

கடையிலும் நூலகத்திலும்

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு நூலைப் பொறுக்குவது சிரமம் என்று தோன்றலாம். நடைமுறையில் குழந்தையையே கூட்டிக்கொண்டு போவது பாதி வேலையை முடித்துவிடும். நூலின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து வாசிக்கச் சொன்னால் போதும். முதல் பக்கம் பெரும்பாலும் ஏமாற்றும். அங்கே எழுத்தாளர் கவனமாக இருந்திருப்பார். தடுக்கிய இடத்தில் குழந்தை தானே வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி மறுபடி முயன்றால் அந்த நூல் அதனுடையது. தடுக்கியதும் நிமிர்ந்து பெரியவர் முகத்தைப் பார்த்தால் அது வாசித்துக்காட்ட வேண்டிய நூல். அதையும் வாங்கலாம், ஆனால் அதைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, "படி" என்று சொல்லிப் போய்விடக் கூடாது.

படநூலில் மேலும் ஒரு சோதனை தேவைப்படும். படத்தைக் கையால் மறைத்துவிட்டு வரியை வாசிக்கச் சொன்னால், குழந்தை எழுத்தை வாசிக்கிறதா, படத்தைப் பார்த்து ஊகிக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஊகம் குற்றமில்லை. எந்த இடத்தில் உதவி தேவை என்பதை அது காட்டுகிறது.

வாங்கும் வசதி இல்லாத வீடுகளில் இந்தத் தேர்வு முழுவதும் பள்ளியின் கையில் இருக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்கும் குழந்தைக்கு மாலையில் வாசித்துக்காட்ட வீட்டில் ஆள் இருக்காது. அக்குழந்தைக்குக் கேட்கும் நூல் கிடைக்கும் ஒரே இடம் வகுப்பறை. ஆசிரியர் நாளுக்குப் பத்து நிமிடம் உரக்க வாசிப்பது பாடவேளையில் இடம்பெற வேண்டிய வேலை. நேரம் மிஞ்சினால் செய்யும் பொழுதுபோக்காக அதைக் கருதும் வரை அக்குழந்தையின் பெருக்கல் கணக்கில் ஓர் எண் குறைந்தே இருக்கும். நூல்கள் பூட்டிய பீரோவிலிருந்து வெளியே வந்து, குழந்தையின் கை எட்டும் உயரத்தில், முதுகு தெரியாமல் அட்டை தெரியும்படி கயிற்றில் தொங்க வேண்டும். எழுத்துக்கூட்டும் குழந்தையால் நூலின் முதுகில் உள்ள தலைப்பை வாசித்துத் தேட முடியாது. அது அட்டைப் படத்தைப் பார்த்தே தன் நூலை எடுக்கிறது.